‘பெரிபெரி’: ஒரு சொல்லாய்வு

ஆங்கில மருத்துவ நூல்களில் வழங்கும் ‘பெரிபெரி’ ஆங்கிலச் சொல் அன்று, கீழ்த்திசையிலிருந்து சென்றது. சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் சொல்லே அடுக்கி வந்தது என்பர் அகராதியார் பலர். ‘இயலாது, இயலாது’ என நோயாளி அரற்றுவதாக விளக்கமும் கூறுவர்.

பழைய சான்று ஒன்று இதனின் வேறுபடுகிறது. பத்தாவியாவில் மருத்துவராயிருந்து 1631இல் மறைந்த டச்சுக்காரர் போண்டியஸ், நோயாளி கால் தள்ளாடி ஆடுபோல் நடப்பதால் அந்நாட்டார் இப்பெயரிட்டனர் என்று எழுதினார். அவர் நூல் 1642இல் வெளிவந்தது. மலாயில் செம்மறியாடு ‘பிரிபிரி’ எனப்படுவதை இங்குள்ளோர் அறிவர்.

சிங்களக் கொள்கைப்படி இஃது அடுக்குத்தொடர். பிரித்தாலும் பொருள் தரும். மலாய்க் கொள்கைப்படியோ இரட்டித்தே வழங்கும் பெயர். போண்டியஸ் கூற்று இச்சொல் பத்தாவியாவில் வழங்கியமைக்குச் சான்றாகும். அதன் பிறப்புக்குச் சான்றாகாது. ஒலியொப்புமை கண்டு பின்னர்க் கற்பித்த காரணமாகவும் இருக்கலாம். பொருள் நோக்கின் சிங்களமே பொருந்தும். நடை மட்டுமன்றி உடலே தளர்வது இந்நோய். ஆயினும் பொருத்தம் வேறு, முடிபு வேறு. ஒன்றை உரைத்து மற்றொன்றை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று.

இரு கொள்கையும் நோயின் காரணத்தைச் சொல்லா. அதனை நெகிரி செம்பிலானில் 1907இல் தொடங்கிய ஆய்வால் பிரேசரும் ஸ்டாண்டனும் தெளிவாக்கினர். தீட்டிய வெள்ளரிசி உண்டோர் நோயுற்றனர். புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். மலாயாவில் தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிதாயிருந்ததும் புழுங்கலரிசியாலேயே. சொல்லின் வேரை ஆராய்வோர் அதனை நோயின் வேராக மயங்குதல் கூடாது.