கற்றையை நிலைநிறுத்தும் கலை: மூன்று மரபுகள்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் மனமுவந்து அளிக்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பண்டித நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நிலைபெற்ற ஊர் காரைக்குடி. உலோகப் பரப்பைப் பண்படுத்தும் வித்தையை ஒரு சாஸ்திரமாகவே போற்றிவரும் இவ்வூரின் மலருக்கு, அவ்வித்தையும் பௌதிகமும் கைகோத்து நடக்கும் ஒரு துறையின் சம்பிரதாயங்களைத் தொகுத்து எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன். துகள் முடுக்கிகளில் சுழலும் கற்றை நிலைகுலையாமல் காக்கும் கலையே அத்துறை.

ஒரு துகளைத் தனியே எடுத்துக்கொண்டால், அதனை வழிதவறாமல் சுழலச் செய்யும் சூட்சுமம் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. 1944இல் ருஷ்யாவில் வெக்ஸ்லரும் 1945இல் அமெரிக்காவில் மக்மில்லனும் ஒருவரையொருவர் அறியாமலே கண்ட கட்ட நிலைப்புத் தத்துவமும், 1952இல் கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் மூவரும் வெளியிட்ட வலிய குவிப்புத் தத்துவமும் அதற்கு அடிப்படை. ஆயினும் கோடானுகோடித் துகள்கள் ஒரு கொத்தாகத் திரண்டு ஓடும்போது வேறொரு சிக்கல் பிறக்கிறது. கொத்து தன் மின்புலத்தைச் சுற்றியுள்ள குழாய்ச் சுவரிலும், அதற்குச் சக்தியூட்டும் ரேடியோ அலைக் காவிட்டியிலும் பதித்துவிட்டுச் செல்ல, அந்தப் புலம் தணிவதற்குள் பின்னால் வரும் கொத்து அதில் சிக்கி இம்மி அளவு அசைகிறது. அந்த அசைவு அடுத்த கொத்துக்குக் கைமாறி, சுற்றுக்குச் சுற்று பெருகி, முடிவில் கற்றை முழுவதையுமே சுவரில் மோதி அழியச் செய்கிறது. இதனை அடக்க வந்த வழிகளை மூன்று மரபுகளாக வகுத்துக் காணலாம்.

முதல் மரபு, நோயின் மூலத்தையே களைவது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் எலெக்ட்ரான் முடுக்கியில் பணியாற்றிய கென்னத் ராபின்சன், காவிட்டியின் இயல்பான அதிர்வெண் கற்றையின் அதிர்வெண்ணுக்கு எந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது கற்றைக்கு நண்பனாகவோ பகைவனாகவோ ஆகிறது என்று 1964இல் நிறுவினார். எலெக்ட்ரான் வளையங்களில் அது சற்றுக் கீழே நிற்கவேண்டும் என்பது அன்று முதல் விதியாயிற்று. மறு ஆண்டில் லாஸ்லெட், நீல், செஸ்லர் மூவரும், குழாய்ச் சுவரின் மின்தடை ஒன்றே கற்றையைக் குலைக்கப் போதும் என்று கணித்துக் காட்டினர். பின்னர் வக்காரோவும் செஸ்லரும் சுவர், காவிட்டி, இணைப்பு, வளைவு ஆகிய எல்லாவற்றின் குற்றத்தையும் மின்மறிப்பு என்னும் ஒரே அளவில் அடக்கிக் கணக்கிடும் முறையைத் தந்தனர். அதுமுதல் முடுக்கி கட்டுவோர், ஒவ்வொரு உறுப்பும் இவ்வளவு மறிப்பையே சேர்க்கலாம் என்று முன்கூட்டியே வரவு செலவுத் திட்டம் வகுக்கலாயினர். சுண்ணாம்புச் சாந்தை நாள்கணக்கில் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் போலக் குழாயின் உட்புறமும் பிசிறும் திடீர்ப் பள்ளமும் இன்றி இருக்கவேண்டும் என்பதே இம்மரபின் ஆசாரம். ஜெனீவா அருகிலுள்ள 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தில், கற்றையைச் சூழ்ந்த எஃகுத் திரையின் உட்புறத்தில் 0.075 மில்லிமீட்டர் செப்புப் படலம் வேய்ந்திருப்பது சுவரின் மின்தடையைக் குறைக்கும் பொருட்டே.

இரண்டாம் மரபு, கற்றைக்குள்ளேயே சமாதானத்தை விதைப்பது. மின்மப் பிழம்பின் அலைகள் உராய்வு ஏதுமின்றியே தணியும் என்று 1946இல் லாண்டாவ் கண்ட உண்மை இதற்கு ஆதாரம்: துகள்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால் ஒன்றுபட்டுக் குலையும், சிறிது சிறிது வேறுபட்ட அதிர்வெண்களில் ஆடினால் கூட்டு அசைவு தானே கலைந்துபோகும். அவ்வேற்றுமையை உண்டாக்குவன எண்முனைக் காந்தங்கள். இத்தாலியின் பிராஸ்காட்டி நகரத்து அடோன் வளையத்தில், ஒரே கொத்தின் தலையும் வாலும் மாறிமாறி ஒன்றையொன்று தூண்டும் நோய் கண்டபோது, பெல்லெக்ரீனியும் சாண்ட்ஸும் 1969இல் அதன் காரணத்தை விளக்கினர். துகளின் சக்தி மாறும்போது அதன் ஆட்டத்தின் அதிர்வெண் மாறும் போக்கை அறுமுனைக் காந்தங்களால் திருத்தினால் நோய் நீங்கும் என்ற பரிகாரம் இன்றளவும் எலெக்ட்ரான் வளையங்கள் அனைத்திலும் நித்திய அநுஷ்டானமாக நடைபெறுகிறது. ஆனால் இக்காந்தங்களின் வலிமை மிகமிக, துகள்கள் பத்திரமாகச் சுழலக்கூடிய பரப்பு சுருங்கும். ஆகவே இம்மரபின் மருந்தை அளவறிந்தே கொடுக்கவேண்டும்.

மூன்றாம் மரபு பின்னூட்டம். கொத்தின் அசைவை உணர்கருவியால் அளந்து, கணக்கிட்டு, அதே கொத்து மீண்டும் சுற்றி வரும்போது எதிர்த்திசையில் மெல்லத் தட்டிச் சமன்செய்வது இதன் முறை. 1990களில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வகத்தார் கொத்துக்குக் கொத்து தனித்தனியே திருத்தும் இலக்கமுறைக் கருவிகளை ஆக்கி, இம்மரபுக்குப் புதிய வலிமை தந்தனர். துகள்களின் சிதறலை அளந்து திருத்தும் குளிர்விப்பு முறையைக் கண்டு 1984இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்ட சைமன் வான் டெர் மீர் அவர்களும் இந்த மரபுக்கு உறவினரே.

நம் நாட்டில் 1977இல் கற்றை தந்த கல்கத்தா சைக்ளோட்ரானும், கல்பாக்கத்து டாண்டெட்ரானும் முடுக்கிக் கலைக்குப் பெருமை சேர்ப்பனவாயினும், கற்றையைச் சேமித்து மணிக்கணக்கில் சுழற்றும் வளையங்களிலேயே இக்கூட்டு நோயின் முழு வலிமை வெளிப்படுகிறது. இந்தூரில் ராஜா ராமண்ணா நிலையத்தில் 2005இல் முதற்கற்றை சுழன்ற இண்டஸ் 2, அத்தகைய வளையம். 172 மீட்டர்ச் சுற்றளவில், வினாடிக்கு 17 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றிவரும் எலெக்ட்ரான் கொத்துகளுக்கு அங்கே 291 இடங்கள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே ஒரு வினாடியின் நூறு கோடியில் இரண்டு பங்கு நேரமே உள்ளது. எலெக்ட்ரான்கள் 55 கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியில் உட்புகுந்து 250 கோடிக்கு உயர்த்தப்படுகின்றன. ஒளி உமிழ்வதால் கற்றைக்கு இயற்கையாகக் கிட்டும் தணிப்பு சக்தியின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதாதலால், உட்புகும் வேளையில் அது முழுச் சக்தியில் உள்ளதைவிட 90 மடங்குக்கும் மேலாகக் குறைந்திருக்கிறது. ஆதலின் கற்றை மிகவும் எளிதில் நோய்வாய்ப்படும் வேளை அதுவே. காவிட்டியில் எழும் வேண்டாத உயர் அதிர்வுகள் கற்றையின் அதிர்வெண்ணோடு பொருந்திவிடாதபடி, காவிட்டியைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை நுட்பமாக மாற்றி விலக்கிவைக்கும் உபாயம் அங்கே கைக்கொள்ளப்படுகிறது. ஆயிரமாயிரம் ரூபாய்க் கருவிகளுக்கு முன்னால், தண்ணீரின் சூட்டை அறிந்தாளும் பொறுமை முதலிடம் பெறுகிறது.

இம்மரபுகளை மதிப்பிட அளவுகோல்கள் மூன்று உண்டு. எத்தனை மின்னோட்டம் வரை கற்றை கலங்காமல் நிற்கிறது என்பது முதலாவது. அசைவு பெருகும் வேகத்தைவிடத் தணியும் வேகம் எவ்வளவு மிகுதி என்பது இரண்டாவது. தணிந்த பிறகும் கற்றையின் நுண்மை கெடாமல் இருக்கிறதா என்பது மூன்றாவது. மின்னோட்டத்தைக் காத்துக் கற்றையைப் பருக்கச் செய்யும் பின்னூட்டம் இத்தேர்வில் தோற்றதே ஆகும். சிறந்த முடுக்கிகள் மூன்று மரபுகளையும் கையாள்கின்றன என்பது உண்மை. எனினும் அவற்றுள் ஒரு வரிசை உண்டு என்பது என் துணிபு: மூலத்தைக் களைவது தலையாயது, வேற்றுமையால் தணிப்பது இடையாயது, பின்னூட்டத்தால் திருத்துவது இறுதியானது. சுவரில் விட்ட குறையைக் கருவியால் மறைக்க முயலும் முடுக்கிக்கு, மின்னோட்டத்தை உயர்த்துந்தோறும் புதிய கருவி வேண்டியிருக்கும்.

தலையாய அந்த மரபு செம்பு பூசும் கைத்திறனையும், உலோகத்தை மெருகூட்டும் வேதியியலையும் நம்பி நிற்பது. மீக்கடத்திக் காவிட்டிகளுக்கான நியோபியத்தை மின்வேதி முறையில் மெருகூட்டுவதும் அக்குடும்பத்து வித்தையே. மின்முலாம் பூசுதலையும் அரிமானத் தடுப்பையும் பல தலைமுறைகளாகப் பயின்றுவரும் காரைக்குடிக்கு இத்துறை அயலானது அன்று. மின்வேதியியல் நிலையத்திலும் அழகப்பர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திலும் கற்கும் இளைஞர்கள், முடுக்கிக் குழாயின் உட்பரப்பைத் தம் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்று, இந்தூர், கல்பாக்கத்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து பணியாற்ற முன்வரவேண்டும் என்று இம்மலரின் வாயிலாக அன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.