வீட்டோட பாக்கலாமா?

சித்திரைத் திருவிழா நாட்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலிலிருந்து முல்லைப் பெரியாற்றங்கரை வரை குழாய் ரேடியோ கட்டியிருப்பார்கள். அம்மன் பாட்டு ஓய்கிற நேரத்தில் ‘திருவிளையாடல்’ கதை வசனம் ஓடும். 1965-இல் வந்த படம். நாகேஷின் தருமி புலம்பத் தொடங்கினால் போதும், அக்கினிச்சட்டியோடும் ஆயிரங்கண் பானையோடும் வரிசையில் நிற்பவர்கள் அடுத்த வசனத்தை முந்திக்கொண்டு சொல்வார்கள். பலர் அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததே கிடையாது. காதால் பார்த்தவர்கள்.

தமிழ் சினிமாவைப் பற்றி நல்ல ஆய்வுகள் நமக்கு உண்டு. சு. தியடோர் பாஸ்கரன் அதன் வரலாற்றைத் துலக்கினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலை 1992-இல் நூலாக்கினார். ஆனால் எந்த ரசிகர் மன்றத்திலும் இல்லாமல், வருஷத்துக்கு நாலு படம் பார்த்துவிட்டு டீக்கடையில் தீர்ப்புச் சொல்கிற ஆளின் ரசனையை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. அதுவும் விமரிசனம்தான், அதற்கும் அளவுகோல் உண்டு என்பது என் கட்சி.

முதல் அளவுகோல் ஒரு கேள்வி: “வீட்டோட பாக்கலாமா?” இதை ஆபாசம் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிக்க முடியுமா? அப்பத்தாவுக்குக் கதை விளங்குமா? நாலு டிக்கெட், இடைவேளை முறுக்கு, திரும்ப பஸ் என்று ஒரு நாள் கூலி போகிறதே, தகுமா? எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

1986-இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ இந்தக் கேள்விக்கு இன்றும் உதாரணமாகச் சொல்லப்படுகிற படம். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மனோரமா சண்டைக்கு வரும் காட்சியை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் வயதான பெண்களிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். வீட்டுக்கு நடுவே கோடு கிழித்ததையும், கடைசியில் லட்சுமி தனிக்குடித்தனம்தான் என்று உறுதியாக நின்றதையும் சொல்வார்கள். கூட்டுக்குடும்பத்தைப் போற்றுகிற படம் என்று பேர்; அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டதோ அந்த முடிவை.

இரண்டாவது அளவுகோல், வசனம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது. இதில் ‘கரகாட்டக்காரன்’ படத்தை மிஞ்ச ஆளில்லை. 1989-இல் அதை இயக்கிய கங்கை அமரன் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர். மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. வாழைப்பழக் காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பன். இரண்டு பழம், ஒரு பழம், கேட்கிற கவுண்டமணி, அசையாத செந்தில். செந்திலின் பதிலில் பொய் இல்லை என்பதுதான் அதன் சூட்சுமம். கேள்வியை மாற்றாதவரை பதிலும் மாறாது. அதனால்தான் மொய்நோட்டுக் கணக்கு உதைத்தாலும் “வாழைப்பழக் கதையால்ல இருக்கு” என்று இங்கே சொல்ல முடிகிறது.

‘விஸ்வாசம்’ (2019) படத்தின் நாயகனுக்குச் சொந்த ஊர் தேனிக்குப் பக்கத்திலிருக்கும் கொடுவிலார்பட்டி. அந்தப் பெருமைக்காகப் போனவர்கள், அப்பன் மகள் பாசத்துக்கு அழுதுவிட்டுத் திரும்பினார்கள்; அங்கேயும் ஜெயித்தது வீட்டோட பார்க்கிற கதைதான்.

இந்த மண்ணிலிருந்து வந்த நகைச்சுவைகளில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே ‘அழகர்சாமியின் குதிரை’. பாஸ்கர் சக்தியின் கதையை சுசீந்திரன் 2011-இல் படமாக்கினார். திருவிழா நெருங்கும்போது சாமியின் மரக்குதிரை காணாமல் போகிறது. எங்கிருந்தோ வந்த நிஜக் குதிரையை ஊர் பிடித்துக் கட்டிவைக்கிறது. அதன் சொந்தக்காரனான அப்புக்குட்டிக்கோ குதிரை இல்லாமல் கல்யாணமே நடக்காது. அப்புக்குட்டிக்கும் படத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. குள்ளமான, கறுத்த ஒரு மனிதனை நடுவில் நிறுத்தி, சிரிப்பை அவன் உடம்பின் மேல் ஏவாமல் ஊரின் நம்பிக்கை மேலும் வீம்பின் மேலும் திருப்பியது பெரிய காரியம். உதையும் நிறத்தைப் பழிப்பதும்தான் காமெடி என்று நாம் வெகுகாலம் பழகியிருந்தோம். நானும் அதற்குச் சிரித்து வளர்ந்தவன்தான். இப்போது என்னால் முடியவில்லை.

அந்த மாற்றம் எனக்கு மட்டும் வந்ததல்ல. கம்பத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும். ஒருமுறை அதில் தொற்றிக்கொண்டு போனேன். இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி போனில் வடிவேலு காமெடி வைத்தாள். ஜீப்பே குலுங்கியது. அடுத்து வேறொரு படத்தின் துண்டு வந்தது. குண்டான ஒரு பெண்ணைக் கேலி பண்ணுகிற காட்சி. பக்கத்தில் இருந்தவள், “அதத் தள்ளிவிடு மதினி” என்றாள். கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளியது. மறுபடியும் வடிவேலு வந்தார். கம்பம்மெட்டு வளைவு ஏறும்போது சிக்னல் போய்விட்டது. மிச்ச வசனத்தை அவர்களே சொல்லி முடித்தார்கள்.