அரண்மனையும் ஊரும்: அண்மைக்காலத் தமிழ் வரலாற்று நாவல்கள் சில

தமிழில் வரலாற்று நாவல் என்றதும் வாசகர் நெஞ்சில் முதலில் எழுவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆகும். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவலின் வழிவந்தோர் முடியும் வாளும் சதியும் நிறைந்த உலகமொன்றையே வரலாறு எனக் காட்டிவந்தனர். இம்மரபின் தொடக்கத்தில் ஈழத்தவர் ஒருவரும் நிற்கின்றார். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கொள்ளப்படுகின்றது. அதன் களமும் நாயக்கர் அரசவையே. எனவே வரலாற்று நாவல் அரண்மனையை விட்டு எவ்வாறு வெளியேறியது என்னும் வினா நமக்கும் உரியதாகும்.

வால்ட்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த ஜோர்ஜ் லூக்காச், சிறந்த வரலாற்று நாவலிற் பெருந்தலைவர்கள் ஓரத்தில் நிற்பர் என்றும், சமுதாய முரண்பாடுகளுக்கிடையே அகப்பட்ட சாதாரண மனிதரே நடுவிடம் பெறுவர் என்றும் காட்டினார். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், மூன்று நாவல்களை நம் வாசகருக்கு விதந்துரைக்கலாம்.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) மதுரையின் அறுநூறு ஆண்டு வரலாற்றைக் கூறுவது. கோட்டை மதில் இடிக்கப்பட்டு நகர் விரிவதும், ஊர்க்காவல் உரிமை பறிபோய்ப் பொலிஸ் நிலையம் எழுவதும், காவலர் குற்றவாளிகளாக ஆக்கப்படுவதும் ஒரே நிகழ்வின் பல முகங்களாக இதிற் புலனாகின்றன. ஆயினும் களவின் திறமையில் ஆசிரியர் கொள்ளும் வியப்பு, சிற்சில இடங்களில் மன்னன் இருந்த பீடத்திற் குலத்தை அமர்த்திவிடுகின்றது.

டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைக் களமாகக் கொண்டது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைக்கும் தாழ்த்தப்பட்ட மக்கள் சங்கமாகத் திரள்வதை அது சித்திரிக்கின்றது. சாதியும் வர்க்கமும் பின்னிக் கிடக்கும் நிலையை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நாவல்கள் சிலவே. ஆனால் போராட்டத்தை வழிநடத்துவோர் குறையற்றவராய்ப் படைக்கப்படுவதால், பாத்திரங்கள் உயிர்ப்பிழக்கும் இடங்களும் உள. நம் அணியினரின் படைப்பு என்பதனால் இதனை மறைத்தல் தகாது.

இம்மூன்றனுள் தலையாயது பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) என்பதே எமது கருத்து. 1895இன் கழுகுமலைக் கலவரமும் 1899இன் சிவகாசிக் கலவரமும் இதில் இடம்பெறுகின்றன. எனினும், கதையைத் தாங்குவது உழவன் ஒருவனும் சலவைத் தொழிலாளி ஒருவனும் கொண்ட நட்பேயாகும். வணிகத்தால் உயர்ந்த சமூகமொன்று தெருவிலும் கோயிலிலும் உரிமை கோரியபோது மூண்ட மோதலைக் குடிசைக்குள்ளிருந்து காண்கின்றோம். கரிசல் வழக்கு ஈழத்து வாசகருக்கு முதலிற் கடினமாகத் தோன்றலாம். சில அத்தியாயங்களுக்குள் அது பழகிவிடும்.

வெங்கடேசனின் பிந்திய நாவலாகிய ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ இவற்றினின்றும் வேறுபட்டது. 2016 முதல் 2018 வரை தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்ற இதில், மூவேந்தரை எதிர்த்து நிற்கும் பறம்பு ஏற்றத்தாழ்வற்ற இயற்கைப் பேருலகாகக் காட்சி தருகின்றது. ‘வீரயுகம்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பேராசிரியர் க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த நூல் 1968இல் வெளியாயிற்று. அவருக்கு அது ஆய்வுக்கருவி. இந்நாவலிலோ அது ஏக்கமாக மாறிவிடுகின்றது. குலச் சமுதாயம் ஏன் அழிந்தது என்பதற்குப் பகைவரின் பேராசையே விடையாகின்றது. அதன் உள்முரண்பாடுகள் மறைகின்றன. சுவைக்காக இதனைப் படிக்கலாம். வரலாற்றுக்காக ‘அஞ்ஞாடி’யையே நாடவேண்டும்.

சாதிதோறும் தனக்கொரு பொற்காலத்தைத் தேடும் இந்நாளில் இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. முன்னோர் ஆண்டனர் என்று மகிழ்விக்கும் நாவலுக்கு எக்காலத்தும் வாசகர் உளர். அவர்கள் எவ்வாறு உழைத்தனர், எவரால் ஒடுக்கப்பட்டனர், எவரை ஒடுக்கினர் என்று வினவும் நாவலே நம்மை வளர்ப்பது.