அறிக்கையை எழுதுபவர் யார்?
பார்பியானா மாணவரின் கடிதம்: ஒரு மதிப்பீடு

கிராமப்புற இளைஞரைப் பற்றி எழுதப்படும் நூல்களுக்கும் அறிக்கைகளுக்கும் நம்மிடையே குறைவில்லை. அவர்களுடைய வறுமை, பாதியில் நின்றுபோன படிப்பு, அவர்களுக்கென ஏற்படுத்தப்பட்ட பயிற்சிகள் ஆகிய யாவும் அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயினும் அவ்விளைஞரே எழுதியவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயதென நாம் கருதுவது 1967ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்னும் சிறு நூலாகும். ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பார்பியானா பள்ளி' என்று மட்டுமே அதில் அச்சிடப்பட்டிருந்தது. மலையகக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் எண்மர் அதனை எழுதினர். அந்நூலின் வலிமையையும் குறைகளையும் ஆராய்ந்து, அது நமக்கு விடுக்கும் வினாவை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளி பிறந்த சூழல்

பார்பியானா, பிளாரன்சு நகருக்கு வடகிழக்கே முகெல்லோ பகுதியில், மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் சில வீடுகளின் பெயர். 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லொரென்சோ மிலானி என்னும் ரோமன் கத்தோலிக்கக் குரு அங்கு அனுப்பப்பட்டபோது சாலையோ மின்சாரமோ குடிநீர்க் குழாயோ அவ்வூருக்கு வந்திருக்கவில்லை. செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் 1923இல் பிறந்தவர் அவர். அதற்குமுன் கலென்சானோவில் உதவிக் குருவாக இருந்தபோது உழைக்கும் இளைஞருக்கு மாலைப்பள்ளி நடத்தினார். மேலிடத்தாருக்கு அவர்மீது மனத்தாங்கல் இருந்தது. ஆளரவமற்ற அம்மலைக்கு அவர் மாற்றப்பட்டது தண்டனையே என்பது பொதுவான கருத்து. 1958இல் வெளிவந்த 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' என்னும் அவருடைய நூலையும் அதே ஆண்டில் விற்பனையினின்று விலக்கும்படி ரோமாபுரி ஆணையிட்டது.

தண்டனையாக வந்த இடத்தையே அவர் பள்ளிக்கூடமாக்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறும் விடுமுறையுமின்றி ஆண்டு முழுவதும் அப்பள்ளி நடந்தது. மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தனர். செய்தித்தாளை எல்லாரும் கூடியமர்ந்து வரிவரியாகப் படித்தனர். எவருக்கேனும் ஒரு பாடம் விளங்காவிடில் அவருக்கு விளங்கும்வரை வகுப்பு நகராது. கைவேலையும் கல்வியில் அடங்கிற்று. தங்கள் மேசைகளை மாணவரே செய்தனர். நீரைக் கண்டு அஞ்சிய மலைப்பிள்ளைகள் அச்சம் நீங்கும்பொருட்டுச் சிறு குளமொன்றைக் கட்டினர். பள்ளிக்கு வரும் வழியில் ஓடையைக் கடக்க இயலாதிருந்த ஒரு மாணவனுக்காகச் சிறு பாலமும் எழுந்தது. இன்று 'சமூகத் திட்டம்' என்று நாம் பெயரிடுபவை அங்கே அன்றாடத் தேவையிலிருந்து பிறந்தன. பாலம் வேண்டியிருந்தது, ஆகவே பாலம் கட்டப்பட்டது, கட்டும்போது கணக்கும் கற்கப்பட்டது.

நூலின் வலிமை

இம்மாணவருள் இருவர் பிளாரன்சிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேர்வில் தோல்வியுற்றனர். தோற்றவர் தம்மைத் தாமே நொந்துகொள்வது வழக்கம். இவர்களோ தோல்வியளித்தவரை நோக்கிக் கேள்வி கேட்டனர். 1962ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவகை நடுநிலைப் பள்ளியைக் கட்டாயமாக்கியிருந்தது. சட்டம் உள்ளே அழைத்த ஏழைப் பிள்ளைகளைத் தேர்வு வெளியே தள்ளியது. இதனை மாணவர் உணர்ச்சிச் சொற்களால் மட்டும் கூறாமல் புள்ளிவிவரங்களைத் திரட்டி, தந்தையின் தொழிலையும் மகனின் தோல்வியையும் அருகருகே வைத்துக் காட்டினர். அப்புள்ளிவிவரப் பணிக்கு இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசளித்தது. பள்ளி தள்ளிவிட்ட பிள்ளைகளின் கணக்கை அறிவியலாளர் மெச்சினர்!

நூல் எழுதப்பட்ட முறையும் கருதத்தக்கது. 1963இல் மரியோ லோதி என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியருடன் ஏற்பட்ட தொடர்பால் கூட்டாக எழுதும் பயிற்சி பார்பியானாவில் வேரூன்றிற்று. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் துண்டுத்தாளில் எழுதுவர். ஒத்த கருத்துடைய தாள்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு அதிகாரங்களாகும். பின்னர் எல்லாரும் அமர்ந்து, மிகையான சொல்லையும் எளிய வாசகனுக்கு விளங்காத சொல்லையும் நீக்குவர். மொழியை ஆள்பவனே பிறருக்குச் சமமாக நிற்கமுடியும் என்பது மிலானியின் உறுதியான கொள்கை. அக்கொள்கைக்கு இந்நூலின் உரைநடையே சான்று. 'நாங்கள்' என்னும் அதன் குரல் அலங்காரமன்று, உழைப்பால் ஈட்டப்பட்டது.

பவுலோ பிரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை' நம் இறையியல் வட்டாரங்களில் நன்கு அறிமுகமானது. 1970 முதல் 1980 வரை அவர் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் பணியாற்றியதும் அதற்கு ஒரு காரணம். பிரெய்ரே ஒடுக்கப்பட்டோரோடு நின்று எழுதினார். பார்பியானாவில் எழுதுகோல் ஒடுக்கப்பட்டோர் கையிலேயே இருந்தது. கோட்பாட்டு ஆழத்தில் பிரெய்ரேயின் நூல் மிக்கது. சான்றளிக்கும் ஆற்றலில் மாணவரின் கடிதம் மிக்கது என்போம்.

குறைபாடுகள்

இந்நூலைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைப்பது முறையன்று.

முதலாவது, குற்றச்சாட்டு ஓர் ஆசிரியையின்மீது குவிக்கப்படுகிறது. ஓர் அமைப்பின் அநீதிக்கு முகம் தேவை என்பது எழுத்துக்குரிய உத்தி. எனினும் பாடத்திட்டத்தையும் பள்ளி நேரத்தையும் வகுத்தவர் அவர் அல்லர். அதிகாரத்தின் கடைசிப் படியில் நிற்பவரே கண்ணுக்குத் தெரிவதால் அவரே முழுப் பழியையும் ஏற்கிறார். நம் ஊர்களிலும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்கு நேர்வது இதுவே.

இரண்டாவது, பெண்பிள்ளைகள் இந்நூலில் ஏறக்குறைய இல்லை. ஊரிலிருந்து அவர்கள் வராததை மாணவரே குறிப்பிடுகின்றனர். ஆனால் அக்குறிப்பு நூலின் வாதத்தை மாற்றவில்லை. ஏழைகளின் பள்ளி என்னும் பெயருக்கு ஏழைகளில் பாதிப்பேர் வெளியே நிற்பது பொருந்துமா?

மூன்றாவது, பள்ளி ஒரே மனிதரின்மீது நின்றது. முழுநேர ஆசிரியர் மணம்புரியாமல் வாழ்வதைப் பற்றியும் நூல் பேசுகிறது. குடும்பமில்லாத குருவுக்கு இயலுவதை எல்லா ஆசிரியர்க்கும் விதியாக்க முடியாது. மேலும் மிலானி கண்டிப்பு மிக்கவர். அடிப்பதையும் அவர் அறவே விலக்கவில்லை. அன்பின் பெயரால் அதனை நாம் ஏற்பதற்கில்லை. 1967 ஜூன் 26ஆம் நாள், நூல் வெளிவந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், நாற்பத்து நான்கு வயதில் அவர் காலமானார். அதன்பின் அப்பள்ளி நெடுநாள் நீடிக்கவில்லை. மாணவர் பலர் தொழிற்சங்கங்களிலும் பிற பணிகளிலும் ஈடுபட்டனர், மலையோ காலியாயிற்று. கிராம இளைஞனை வலுப்படுத்திய கல்வி கிராமத்தை வலுப்படுத்தியதா என்னும் வினாவுக்கு நூலில் விடையில்லை. குத்தகை வேளாண்மையின் வீழ்ச்சியால் அம்மலைகளை மக்கள் விட்டகன்றதைப் பள்ளியொன்று தடுத்திருக்க இயலாது என்பதையும் நாம் மறக்கவில்லை.

நமக்குரிய பாடம்

மாணவர் முன்வைத்த சீர்திருத்தங்கள் மூன்று. கட்டாயக் கல்வியில் எவரையும் தேர்வில் தள்ளலாகாது. பின்தங்கியவர்க்கு முழுநாள் பள்ளி வேண்டும். ஆர்வமற்றவர்க்குக் கற்பதற்கொரு குறிக்கோள் வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என விதித்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்திவைக்க அரசுகளுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டில் அவ்வகுப்புகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு, பெரும் எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தேர்ச்சி பெறாமலே மேல்வகுப்புக்குச் செல்வதால் பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமல் போகின்றனர் என்பது திருத்தத்தை ஆதரித்தோரின் வாதம். பார்பியானா மாணவர் இதற்கு ஏற்கெனவே விடையளித்திருக்கின்றனர் என்போம். முதல் சீர்திருத்தத்தை ஏற்று, ஏனைய இரண்டையும் விட்டுவிட்டு, பின்னர் முதலாவதன்மீதே பழிசுமத்துவது நேர்மையாகாது. தள்ளாமலிருப்பது மட்டும் போதாது; தாங்கிப் பிடிக்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', அவ்வூர்த் தன்னார்வலர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு மாலையில் கற்பித்தபோது, இரண்டாம் சீர்திருத்தத்தின் சிறு சாயலை நாம் கண்டோம்.

திருச்சபையாரும் தொண்டு நிறுவனத்தாரும் கிராமங்களில் மாலை வகுப்புகள், இளைஞர் குழுக்கள், தொழிற்பயிற்சிகள் எனப் பலவற்றை நடத்துகின்றனர். அவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றை அளக்க இந்நூல் ஓர் எளிய அளவுகோலைத் தருகிறது: ஆண்டு முடிவில் அறிக்கையை எழுதுபவர் யார்? பெரும்பாலும் இயக்குநர் எழுதுகிறார், நிதியளித்தோர் படிக்கின்றனர். யாருக்காகத் திட்டம் நடந்ததோ அவ்விளைஞர் அதில் எண்களாகவும் புகைப்படங்களாகவும் நிற்கின்றனர். திட்டத்தின் குறையைச் சுட்ட அவர்களுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை.

பார்பியானாவின் சுவரில் 'ஐ கேர்' என்னும் ஆங்கிலத் தொடர் எழுதப்பட்டிருந்தது. 'எனக்கு அக்கறை உண்டு' என்பது அதன் பொருள். 'எனக்கென்ன' என்னும் பாசிசத்தாரின் முழக்கத்துக்கு நேர்மாறாக மிலானி அதனை வைத்தார். 2017 ஜூன் 20ஆம் நாள் போப்பு பிரான்சிசு அம்மலைக்குச் சென்று அவருடைய கல்லறையில் செபித்தார். ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டவரைத் திருச்சபை பின்னர் மதிப்பது வரலாற்றில் புதிதன்று. நம் அக்கறைக்குரிய சோதனையோ இப்போதே நம்முன் இருக்கிறது. அடுத்த ஆண்டறிக்கையின் எழுதுகோலை நம் கிராம இளைஞர் கையில் கொடுப்போமாக. அவர்கள் எழுதுவது நம்மைக் குற்றஞ்சாட்டுவதாக இருப்பினும், ஒரு சொல்லையும் திருத்தாமல் அதனை அச்சிட நாம் ஆயத்தமாயிருக்கிறோமா?