தச்சன் இல்லாத மந்திரசபை

பதுளை மாவட்டத்தின் எல்லப் பகுதியிலே நீர்வீழ்ச்சி ஒன்றும் குகை ஒன்றும் இராவணன் பெயரால் வழங்குகின்றன. அண்மைப் பத்தாண்டுகளில் இப்பெயர்கள் புதியதொரு பொருளை ஏற்றுள்ளன. இராவணனும் அவனைச் சார்ந்த இயக்கரும் விமானம் முதலியவற்றை ஆக்கிய, அறிவியலில் மேம்பட்ட ஆதிக்குடியினர் என்னும் கருத்து சிங்களத் தேசியவாத எழுத்துக்கள் வாயிலாகப் பரவிற்று. 2019 இல் விண்ணிற் செலுத்தப்பட்ட இலங்கையின் சிறு செய்மதிக்கு ‘இராவணா-1’ எனப் பெயரிடப்பட்டது. 2020 இல் இராவணனின் வான்பயணம் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் கோரி அரச விளம்பரமும் வெளிவந்தது.

தமிழிலும் இராவணன் இனப்பெருமையின் சின்னமாக்கப்பட்டுள்ளான். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946 இல் வெளிவந்து, 1948 இல் தடைசெய்யப்பட்டு, 1971 இல் தடைநீங்கப் பெற்றது. ஆரிய மேன்மைக் கோட்பாட்டை எதிர்த்தமையில் அந்நூலுக்குரிய வரலாற்றுப் பங்கு மறுக்கற்பாலதன்று. ஆயினும் ‘இராவணன் எம்மவன்’ என வழக்காடுவதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். கண்டுபிடிப்பாளர் இனமொன்று இருந்ததெனவே ஒரு கணம் கொள்வோம். அவ்வினம் தன்னை எவ்வாறு ஆண்டுகொண்டது? கருவியை ஆக்கியவன், அதனை எதற்குப் பயன்படுத்துவது என்னும் முடிவிலே பங்குபெற்றானா? இருசாராரும் எழுப்பாத வினா இதுவேயாம்.

இவ்வினாவுடன் இராம காதையை அணுகின், முதலில் நாம் காண்பது அபகரிப்பாகும். வான்மீகி மரபின்படி புட்பக விமானத்தை ஆக்கியவன் தெய்வத் தச்சன். அதனைக் குபேரனிடமிருந்து பறித்துக்கொண்டவன் இராவணன். பறந்தவன் ஆக்கியவனல்லன். கம்பனின் யுத்த காண்டத் தொடக்கம் இதனினும் கூர்மையான சான்றைத் தருகிறது. அனுமனால் எரியுண்ட இலங்கையைத் தெய்வத் தச்சன் பிரமனுடன் வந்து நொடிப்பொழுதில் பேரழகுடன் புதுக்கி அளிக்கிறான். அதன்பின் இராவணன் மந்திரசபையைக் கூட்டுகிறான். முனிவரும் தேவரும் பிறரும் விலக்கப்படுகின்றனர். மகளிரும் இளைஞரும் அனுப்பப்படுகின்றனர். முதியோரும் அமைச்சரும் சுற்றத்தாருமே எஞ்சுகின்றனர். அந்நகரை மீண்டும் அழிவுக்குள்ளாக்கக்கூடிய போர் அங்கே ஆராயப்படுகிறது. நகரைப் புதுக்கியவனோ விலக்கப்பட்ட தேவர் வகுப்பைச் சேர்ந்தவன். எஞ்சியோருள்ளும் மாற்றுக்கருத்துரைத்த வீடணன் ஈற்றில் வெளியேற வேண்டியதாயிற்று.

கம்பன் இதனை ஒரு குறையாகச் சுட்டினான் என நாம் வாதிடவில்லை. மந்திரச் சுற்றம் மறைவில் கூடுதல் பண்டைய அரசியல் நூல்களுக்கு உடன்பாடானதே. சோழர் காலத்துப் பெருங்கவிஞனுக்கு அது இயல்பாகத் தோன்றியமையே எமக்குச் சான்றாகும். உழைப்பும் தொழில்நுட்பமும் நகரை ஆக்கும். குடிப்பிறப்பும் பதவியும் அதனை ஆளும் என்பது நிலவுடைமைச் சமுதாயத்தின் பொதுவிதியாக இருந்தது.

மறுபக்கத்து வானரர் நிலை சற்று வேறானது. கடலை அடைக்க நளன் அழைக்கப்படுகிறான். பணியை அவன் பொறுப்பேற்க, வானர சேனை முழுவதும் கல்லும் மலையும் கொணர்ந்து அவன் கையிற் சேர்க்கிறது. தொழிலறிந்தவனுக்குத் தலைமை கிட்டும் அரிய இடம் இது. ஆயினும் அத்தலைமை அப்பணியின் எல்லைக்குட்பட்டது. சேது முடிந்ததும் போர் பற்றிய முடிவுகள் மன்னர்பாலே மீள்கின்றன.

இராவணன் பெயர் வழங்கும் மலைகளில் வாழ்வோருக்கு இது வெறும் காவிய வினாவன்று. 1924 இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரையிலே வளைந்திறங்கித் தன் நிலையத்தின் கீழேயே சுரங்கம் வழியாகச் செல்கின்றது. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வமைப்புத் தோன்றிற்று என்பது செவிவழிக் கதை. அதன் மெய்ம்மை எவ்வாறாயினும், கதையின் அமைப்பு நோக்கத்தக்கது. கங்காணிக்குப் பெயரில்லை, கல்லுடைத்தோரும் மண்சுமந்தோரும் கதையினுள்ளே வருவதேயில்லை.

தோட்டத்திலோ மந்திரசபைக்கு எதிரிடையாகப் பெரட்டுக்களம் அமைந்தது. கூடியிருப்போர் அங்கே ஆலோசிப்பதில்லை. அன்றைய வேலையை ஏற்றுச் செல்வர். கொழுந்தின் பதத்தை விரலால் அறிபவளும், ஸ்டோரில் இலையின் மணத்தால் பக்குவம் உணர்பவனும் நுண்ணிய தொழிலறிவுடையோரே. அவ்வறிவு உற்பத்திக்கு வேண்டப்பட்டது, ஆட்சிக்கு வேண்டப்படவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக நின்றது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. வாக்களித்துத் தெரிந்த சபையின் நிதி, வாக்களித்தவரின் லயத்து வாசலை எட்டவில்லை.

ஆகவே, பண்டைய விமானம் எவ்வினத்தாருடையது என்னும் வழக்கு, இன்றைய இயந்திரம் யாருடைய ஆணைக்குட்பட்டது என்னும் வினாவை மறைக்கும் திரையாகிவிடுகிறது. பொற்கால நாட்டம் உழைக்கும் மக்களை மன்னனின் புகழில் பங்காளராக்கும், முடிவெடுத்தலில் பங்காளராக்காது. மலையக வாய்மொழிக் கதைகளையும் பாடல்களையும் கூத்துக்களையும் ஆராயும் இளம் ஆய்வாளர், வீரன் யார் என்பதுடன் அமையாது, அவற்றில் ஆக்குவோன் யார், ஆணையிடுவோன் யார், மன்றத்தில் அமர்வோன் யார் என்று பிரித்து நோக்குதல் வேண்டும். அத்தகைய ஆய்வே இம்மலைகளின் மக்களை வரலாற்றின் ஆக்குநராக நமக்குக் காட்டவல்லது.