சூடேறும் இடமும் பழுதின் இடமும்

தண்ணீரோ தேநீரோ உட்புகுந்து செயலிழந்த மடிக்கணினியின் தாய்ப்பலகையில் மின்பழுதைக் கண்டறியும் வழிகளுள், பட்டறைகளில் வோல்டேஜ் இன்ஜெக்‌ஷன் என வழங்கும் மின்னழுத்தம் ஏற்றும் முறைக்கு இன்று மிகுந்த செல்வாக்கு உண்டு. பலகையின் ஒரு ‘லைன்’, அதாவது ஒரே மின்னழுத்தத்தைப் பல சில்லுகளுக்குக் கொண்டு செல்லும் செம்புத் தடம், கிரவுண்டோடு ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கும்போது, வெளியிலுள்ள டிசி பவர் சப்ளையிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தை அத்தடத்தில் செலுத்தி, எந்த உறுப்பு சூடேறுகிறது என்று பார்ப்பதே அம்முறை. சூட்டைக் காண்பதற்குத் தெர்மல் கேமரா பயன்படுகிறது. அது இல்லாத பட்டறையில் பலகையின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவி, முதலில் உலரும் இடத்தைக் கவனிக்கிறார்கள்.

இதன் செல்வாக்குக்குத் தக்க காரணங்கள் உள்ளன. மேக்புக் பலகைகளில் பிபிபஸ் எனப்படும் முதன்மைத் தடம், மாதிரிக்கு ஏற்ப 8 முதல் 13 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தைச் சுமந்தபடி பலகை முழுவதும் ஓடுகிறது. அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே எண்ணற்ற பீங்கான் கெப்பாசிட்டர்கள் இணையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று உடைந்து ஷார்ட் ஆனாலும் அத்தனையும் ஷார்ட் ஆனதுபோல் மல்டிமீட்டர் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கப் பல மணி நேரம் பிடிப்பதோடு, ஹாட் ஏர் கருவியின் வெப்பத்தால் அருகிலுள்ள நல்ல உறுப்புகளும் கெடும். மின்னோட்டத்தைச் செலுத்தினாலோ குற்றவாளி சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. சுற்று வரைபடங்களைத் தயாரிப்பாளர்கள் பொதுவில் வெளியிடாத நிலையில், வரைபடமின்றியும் செய்யத்தக்க சோதனை இது என்பதும் சிறிய சிறப்பன்று. 2018ஆம் ஆண்டின் மேக்புக் புரோ முதலாக, சேமிப்பகத்தின் மறையாக்கத் திறவுகோல் பலகையிலுள்ள ஒரு சில்லோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நினைவகச் சில்லுகளை வேறு பலகைக்கு மாற்றியும் கோப்புகளை மீட்க முடியாது; அதே பலகையை உயிர்ப்பிப்பதொன்றே வழியாக இருக்கையில், விரைந்து விடை தரும் முறையை எவரும் இகழ்வதற்கில்லை.

ஆயினும் இம்முறைக்கு எட்டக்கூடிய பழுதுகளின் எல்லை, அதன் புகழைவிடக் குறுகியது. எழும் சூடு, மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும் அளவாகும். 5 ஆம்பியருக்கு வரம்பிட்ட சப்ளை, 0.1 ஓம் தடையுள்ள ஷார்ட்டில் 2.5 வாட் சூட்டை எழுப்புவதால், அரிசிமணியினும் சிறிய கெப்பாசிட்டர் அங்கே உடனே கொதிக்கும். அதே 5 ஆம்பியர் 0.005 ஓம் தடையில் எழுப்புவது 0.125 வாட் மட்டுமே. அந்நிலையில் ஷார்ட்டைவிட இணைப்புக் கம்பிகளும் முனைகளும் முந்திச் சூடேறுகின்றன. மறுகோடியில், 200 ஓம் அளவுள்ள கசிவில் 1 வோல்ட் ஏற்றினால் 5 மில்லிவாட்டுக்கு மேல் எழாது. கேமராவுக்கு அது பெரும்பாலும் புலப்படாது. முற்றிய ஷார்ட்டும் மெல்லிய கசிவும் இவ்வாறு தப்பிவிட, இடைப்பட்டவையே எளிதில் அகப்படுகின்றன. முற்றிய ஷார்ட்டுக்கு மாற்று வழி உண்டு: மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே தடத்தின் வெவ்வேறு புள்ளிகளில் மில்லிவோல்ட் அளவைக் குறித்துச் சென்றால், ஷார்ட்டை நெருங்க நெருங்க எண் சுருங்கும். கேமராத் திரையில் வெண்புள்ளி பளிச்சிடும் காட்சி காணொளிக்கு அழகு சேர்ப்பதுபோல் இந்த எண்கள் சேர்ப்பதில்லை என்பதாலோ என்னவோ, இதைப் பேசுவோர் குறைவு.

இதனினும் ஆழமான குறை, நீர்ச்சேதத்தின் இயல்பையே இம்முறை தவறாக எடுத்துக்கொள்வதில் உள்ளது. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். தேநீரிலும் குளிர்பானத்திலும் கரைந்துள்ள உப்புகளும் அமிலங்களுமே கடத்துகின்றன. கணினி அணைந்திருந்தாலும் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை சில தடங்களில் மின்னழுத்தம் நிலைத்திருப்பதால், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கிடையே மின்னாற்பகுப்பு நடந்து, நேர்முனையில் செம்பு கரைந்து எதிர்முனையில் கிளைகிளையாகப் படிகிறது. அதன் விளைவாக ஒரு தடம் ஷார்ட் ஆகலாம். மயிரிழைத் தடம் அரிக்கப்பட்டு அறுந்துபோகவும், மின்தடையத்தின் ஈயப்பற்று கரைந்து ஒரு சில்லைத் தொடங்கச் செய்யும் சைகை வராமல் நிற்கவும் கூடும். அறுந்த தடத்தில் ஷார்ட் ஏதும் இல்லாததால், அங்கே மின்னழுத்தம் ஏற்றுவதற்கு வேலையே இல்லை. மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் புள்ளியிலும் தொட்டு, கிடைக்கும் அளவை நல்ல பலகையின் அளவோடு ஒப்பிடும் பழைய வழியோ, ஷார்ட், கசிவு, அறுபடல் ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்ட வல்லது. மேலும், உப்புப் படிவு அகலாத பலகையில் மின்சாரம் பாய்ச்சுவது அதே வேதிவினைக்கு மீண்டும் தீனி போடுவதாகும்.

தவறான இடத்தில் பயன்படுத்தினால் இம்முறை பலகையைக் கொல்லவும் செய்யும். முதன்மை மின்னழுத்தத்தை 1 வோல்ட் அளவுக்குக் குறைத்துச் செயலிக்கு அளிக்கும் சுற்றில், மேல்புற மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சாவி பழுதாகி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், முதன்மைத் தடம் செயலியோடு நேரே இணைந்துவிடுகிறது. செயலியின் தடம் இயல்பாகவே சில ஓம்கள் மட்டுமே காட்டும் என்பதை அறியாதவர், அந்தக் குறைந்த அளவை முதன்மைத் தடத்தின் ஷார்ட் எனக் கருதி அத்தடத்துக்குரிய 12 வோல்ட்டை ஏற்றினால், அது செயலிக்குள் பாய்ந்து மீட்கவியலாத சேதத்தை விளைவிக்கும். எனவே, எந்தத் தடமாயினும் 1 வோல்ட்டில் தொடங்குவது கட்டாயம். டேப்லெட்டுகளில் இடர் வேறு வகையானது: பலகையின்மேல் ஈயப்பற்றால் ஒட்டிய உலோக மூடிகள் சூட்டைப் பரப்பிவிடுவதால், புள்ளியாகத் தோன்ற வேண்டியது மங்கலான திட்டாகத் தெரிகிறது.

சூடேறிய கெப்பாசிட்டரைப் பிடுங்கியதும் கணினி எழுந்துகொண்டால் வேலை முடிந்ததெனக் கருதும் வழக்கமும் பட்டறைகளில் உண்டு. இணையாகப் பல இருப்பதால் ஒன்றின் இழப்பு உடனே தெரியாமல் போகலாம். ஆனால், அந்தக் கெப்பாசிட்டரை உடைத்த உப்பு பக்கத்துச் சில்லின் அடியில் இருந்துகொண்டு தன் வேலையைத் தொடரும், அதே கணினி சில மாதங்களில் மீண்டும் பட்டறைக்கு வரும்.

மின்னழுத்தம் ஏற்றுதல் நல்ல கருவியே. அதற்குரிய இடம் வரிசையில் மூன்றாவது. பேட்டரியை விலக்கிப் பலகையைக் கழுவி உலர்த்துவது முதலாவது, டையோடு நிலையில் தடங்களை அளப்பது இரண்டாவது. மின்னழுத்தம் ஏற்றுமுன் அளந்த தடையையும், ஏற்றிய வோல்ட்டையும், நீக்கிய உறுப்புக்கு ஈடாகப் புதியது வைக்கப்பட்டதா என்பதையும் பட்டறைகள் வேலைச்சீட்டில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.