நிலவொளி சொனாட்டா: காது கொடுத்துப் பார்க்கவேண்டிய கொலைக்கதை

கோஷோ அவோயாமா 1994 முதல் வரைந்துவரும் ‘துப்பறியும் கோனன்’ சித்திரக்கதை, 1996 ஜனவரியில் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பான அதன் 11ஆம் அத்தியாயம், கொலையாளியை ஊகிக்கும் அவசரத்தோடு பார்ப்பவருக்குத் தன் அழகில் பாதியைத்தான் காட்டும். ஏனெனில் கதையின் எலும்புக்கூடே இசையால் ஆனது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எரியும் வீட்டுக்குள் பியானோ வாசித்தபடியே மாண்டவராகச் சொல்லப்படும் ஆசோ கெய்ஜியின் பெயரில் வந்த கடிதத்தை நம்பி, துப்பறிவாளர் மோரி கொகோரோவும் அவர் மகள் ரானும், நஞ்சினால் சிறுவனாகச் சுருங்கிப்போன இளம் துப்பறிவாளன் கோனனும் ட்சுகிகாகே என்னும் கற்பனைத் தீவில் வந்திறங்குகின்றனர். அங்கே முன்னாள் ஊர்த்தலைவரின் நினைவுச் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து பியானோ ஒலி எழ, ஓடிச்சென்று பார்ப்பவர்கள் பியானோமீது ஒருவர் சாய்ந்து கிடப்பதைக் காண்கின்றனர். ஆனால் அவர் உயிரைப் பறித்தது கடல்நீர். உடல் கிடக்கும் இடமும் உயிர் பிரிந்த விதமும் ஒன்றோடொன்று பொருந்தாத இந்த முரணில்தான் கடற்கரை வெறும் பின்னணியாக இல்லாமல் வழக்கின் பகுதியாகிறது.

சொனாட்டா என்பது வேகத்திலும் மனநிலையிலும் வேறுபடும் பல பகுதிகளால் ஆன கருவியிசை வடிவம். அந்தப் பியானோவில் ஒலிப்பது பேத்தோவன் 1801இல் இயற்றிய ‘நிலவொளி சொனாட்டா’; அதன் முதற்பகுதி துயரம் தோய்ந்த மெல்லோட்டம், இரண்டாம் பகுதி சற்றே இலேசானது, மூன்றாவது புயல்வேகம். முதற்கொலையோடு முதற்பகுதியும் அடுத்ததோடு இரண்டாம் பகுதியும் ஒலிப்பதால், மூன்றாவதைக் கேட்கப்போகும் அச்சம் பார்வையாளரிடம் தானாகவே வளர்கிறது. பேத்தோவனை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு அத்தியாயத்தைத் தொடங்குவது, எத்தனையோ திறனாய்வுகளைப் படிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

கோனன் சூடிக்கொண்ட எதொகாவா என்னும் குடும்பப்பெயர், ஜப்பானியத் துப்பறியும் இலக்கிய முன்னோடி எதொகாவா ரான்போவிடமிருந்து பெற்றது. அவ்விலக்கியத்தில், எல்லாத் துப்புகளையும் வாசகர் கண்முன் வைத்துவிட்டே புதிரை அவிழ்க்கும், ஹொன்காகு எனப்படும் மரபை இந்த அத்தியாயமும் பேணுகிறது. ஆகவே இறந்த நேரம் இன்னது என்று சொல்லப்படும்போது, அதை யார் சொல்கிறார், எதைக் கொண்டு சொல்கிறார் என்று கவனிப்பவர் கோனனுக்கு முன்பே விடையை நெருங்கிவிடலாம். பியானோவின் கட்டைகளுக்கு எழுத்துகளைப் பொருத்தி இசைக்குறிப்பில் செய்தி மறைக்கும் உத்தி சுவையானதே எனினும், அதைப் பார்வையாளர் தாமாக அவிழ்ப்பது அரிது. அங்கே மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இதே கதை 2021 மார்ச்சில் தொடரின் ஆயிரமாவது அத்தியாயத்தை ஒட்டி இரு பாகங்களாக மீண்டும் உருவாக்கப்பட்டது. புதியதில் படத்துல்லியம் கூடியிருப்பினும், கையால் வண்ணம் தீட்டிய தாள்களின் இருண்ட சாயல் தங்கியிருக்கும் 1996ஆம் ஆண்டுப் பதிப்பையே முதலில் பார்ப்பது நல்லது. விடை தெரிந்தபின் புதியதைப் பார்க்கையில், கொலையாளியின் முகபாவங்களை மட்டும் பின்தொடர்ந்து செல்லலாம்.